கண்ணியவானின் இரண்டாவது போன்

மார்ச் 4, செவ்வாய்
நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி அறையில் இன்று எல்லோருக்கும் முட்டிவலி. எனக்கு மட்டும் சிரிப்பு. காரணம், டேட்டிங் ஆப்பில் சிக்கிய கண்ணியவான். பெயர் நான் வைத்தது. தன் படத்துக்குக் கீழே ‘பெண்களை மதிப்பவன்’ என்று போட்டிருக்கிறான். இதெல்லாம் ஒரு தகுதியாகிவிட்டது. இருக்கட்டும், அதுகூட இல்லாதவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு
விவாகரத்துக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ஆபரேஷன் தழும்பு தெரிகிற ஒரு படமும் அனுப்பினேன், யாருக்கும் காட்டாதது. பயமில்லை. இந்த ஆப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் திரை கறுத்துவிடும். நானே சோதித்துப் பார்த்தேன். கன்னங்கரேல். கோட்டைதான் போ.

மார்ச் 15, சனி
அண்ணி வந்தார். உட்காரக்கூட இல்லை. “இது நீதானே?” என்று போனை நீட்டினார். அவர் தம்பியின் நண்பர்கள் குழுவில் வந்ததாம்.
என் படம். கூடவே என் விவாகரத்துக் கதை. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.
ஸ்கிரீன்ஷாட் இல்லை. என் படம் திறந்திருந்த போனை இன்னொரு போனால் எடுத்திருக்கிறான். கோட்டைக்குக் கதவு செய்தவர்கள் சுவர் எழுப்ப மறந்துவிட்டார்கள்.
“அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?”
“தெரியும்.”

மார்ச் 16, ஞாயிறு
என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி அனுப்பின? — புடிச்சிருந்துது. நம்பினேன். அவ்ளோதான். இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?
அண்ணன் போன் செய்தான். “யாரு உன்ன அனுப்பச் சொன்னா?” வைத்துவிட்டான். அந்தக் கண்ணியவானை யார் அதைப் படம் எடுக்கச் சொன்னது என்று கேட்கத்தான் ஆளில்லை.

மார்ச் 17, திங்கள்
ஆப்காரர்களுக்குப் புகார் அனுப்பினேன். ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு’ என்று பதில். நன்றாக மூச்சு விடுகிறார்கள், வேறொன்றும் செய்யக் காணோம்.
கண்ணியவானையும் கேட்டேன். “நான் இல்லங்க, என் போன யாரோ ஹேக் பண்ணிட்டாங்க.” பாவம், அவனுக்குத்தான் எத்தனை கஷ்டம்.

மார்ச் 18, செவ்வாய்
அண்ணி மறுபடி வந்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “ஏய், இங்க பாரு, போன் கண்ணாடியில ஆள் தெரியுது,” என்றார்.
என் முகத்துக்குப் பக்கத்தில், திரையின் கறுப்பில், தூக்கிப் பிடித்த போனும் அதன் பின்னால் பாதி முகமும். ஆப்பில் கண்ணியவான் போட்டிருக்கும் படத்தில் உள்ள அதே மூக்குக்கண்ணாடி, அதே கட்டம் போட்ட சட்டை. நாங்கள் ஜோடியாக எடுத்துக்கொண்ட ஒரே படம்.
“கெளம்பு,” என்றார் அண்ணி.
காவல் நிலையத்தில் பெண் அதிகாரி கேட்டார்: “படத்த நீங்களேதான் அனுப்பினீங்களா?”
“ஆமா மேடம். அவனுக்கு. ஊருக்கு இல்ல.”
எழுதிக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்
கண்ணியவான் போன். குரலில் அழுகை. “வீட்டுக்குத் தெரிஞ்சா அசிங்கமாயிடும்ங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டுமே, ப்ளீஸ்.”
அந்தரங்கத்தின் அருமை ஒருவழியாகப் புரிந்துவிட்டது. புகாரை நான் திரும்பப் பெறப் போவதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி
வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அழைத்திருந்தார்கள். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. வாசலில் அண்ணன் வண்டியோடு நின்றான். ஏறிக்கொண்டேன். நிலையத்துக்கு வந்ததும், “நான் வெளியவே நிக்கட்டுமா?” என்றான்.
“உள்ள வா.”
அதிகாரி கோப்பைத் திறந்தார். மேலேயே அந்தப் படம். அண்ணன் அதைப் பார்க்காமலே கையை நீட்டிக் கவிழ்த்து வைத்தான். பிறகு தன் பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தான்.