ஏழு மணி நேரத் தூக்கம்

அன்பு மகள் நோரீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே லாப்ரடாரில் எங்களுக்கு ஒரு குறையுமில்லை என்று தொடங்கத்தான் ஆசை, ஆனால் இந்த முறை பொய் எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். டொராண்டோவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் அல்லவா. அப்பாவின் முழங்கால் வலிக்கு நான்தான் காரணமாம். ஏரிமேல் பனியில் துளை போட்டுப் பகல் முழுதும் மீன் பிடிப்பதெல்லாம் கணக்கில் வராது, ராத்திரி நான் ஜன்னலைத் திறப்பதுதான் குற்றம். வெளியே மைனஸ் முப்பது, எனக்கோ அடுப்புக்குள் படுத்தது போல் வேர்த்துக் கொட்டுகிறது. மூன்று போர்வைக்குள்ளிருந்து, ஏண்டி, என்னை ஐஸ்ல வெச்ச மீனாக்கப் பாக்குறியா என்று கேட்கிறார்.

போன மாதம் எங்கள் சுரங்கத்துச் சாப்பாட்டு அறையில் ஊதா நிறத்தில் பெரிய நோட்டீஸ் ஒட்டினார்கள். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்குக் கம்பெனி துணை நிற்கும், சூப்பர்வைசரிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்று. ஆளுக்கொரு குட்டி மின்விசிறி, கேக் வேறு. உன் ஆபீசிலும் இப்படி ஊழியர்களை மனம் விட்டுப் பேச வைப்பதுதான் உன் வேலை என்பதால், நல்லதுதானேம்மா, போய்ப் பேசு என்று போனில் சொன்னாய். உம் கொட்டினேனே தவிர நான் நம்பவில்லை. பதினெட்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன், ஒரு கையுறை கிழிந்தால்கூட மூன்று முறை கேட்க வேண்டிய இடம் இது. டிரைவரே இல்லாத லாரி வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பிய அதே சமயத்தில் கேக் ஏன் வருகிறது? யாரை முதலில் இறக்கிவிடலாம் என்று ஆள் தேடுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் ஷிப்டில் ஓட்டும் கிளெனிஸ் நம்பிப் போய், தூக்கமே வருவதில்லை என்று சூப்பர்வைசர் டேரனிடம் சொன்னாள். அடுத்த வாரமே, கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா என்று அவளை வாசல் கேட்டில் உட்கார வைத்துவிட்டான். வருகிற வண்டிக்கெல்லாம் தடுப்பைத் தூக்கி இறக்குகிறாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

ஷிப்ட் தொடங்கும்போது டேரன் ரேடியோவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்பான், தெரியுமல்லவா. ஐந்துக்குக் கீழே சொன்னால் அன்றைக்கு லாரி கிடையாது. அதனால் எல்லாரும் ஏழு என்றுதான் சொல்வோம், கண் சிவந்திருந்தாலும் ஏழு. நானும் ஏழு சொல்லியே ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை சுமையோடு சரிவில் இறங்கும்போது உடம்பில் அந்தச் சூடு ஏறியது, ஒரு நொடி கண் மூடிவிட்டது. விழித்தால் முன்சக்கரம் ஓரத்து மண்மேட்டில் உரசுகிறது. அந்த மேடு சரிந்திருந்தால் கீழே எங்கள் ஷிப்டுக்காரன் செல்பியின் பிக்கப் வண்டி. அவன் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான், தலை நிமிரவேயில்லை. யாரும் பார்க்கவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

மறுநாள் டேரன் கேட்டபோது ரெண்டு என்று சொன்னேன். விளையாடாதக்கா என்றான். விளையாடல தம்பி, வயசு அப்படி, ராத்திரி பூரா வேர்த்துக் கொட்டுது, விடிஞ்சப்புறம்தான் கண்ணு அசருது, காலைல லேட்டா வர விடு, ஆனா என் லாரி எனக்கு வேணும், கிளெனிஸ் மாதிரி கேட்டுல உக்கார வைக்கணும்னா அதையும் எல்லாரும் கேக்க இப்பவே சொல்லிடு என்றேன். டேரன் உடனே அடுத்து செல்பியைக் கூப்பிட்டான். ஏழு என்றான் அந்த மனிதன். அதற்கடுத்தவனும் ஏழு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில், என்னோடு நான்கு வார்த்தை பேசியிராத ரீட்டா, எனக்கு மூணு, எனக்கும் அதே காரணம்தான் என்றாள்.

அன்று எங்கள் இருவர் லாரியும் ஓடவில்லை; இரண்டு லாரி நின்றால் டேரனுக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். திங்கள் முதல் நானும் ரீட்டாவும் ஒன்பது மணிக்கு வந்தால் போதும், லாரி எங்களுடையதுதான் என்று டேரன் சொல்லியிருக்கிறான். கிளெனிஸ் எப்ப வருவா என்று கேட்டேன், கேட்டுச் சொல்றேன் என்றான். இதை நான் நம்பவில்லை. அவள் லாரியில் ஏறும்வரை தினமும் ரேடியோவில் கேட்கப் போகிறேன், ரீட்டாவும் கேட்பாள்.

மகளே, உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், உறைபனியில் காரை மெதுவாக ஓட்டு. கடவுள் உனக்குக் குறைவில்லாமல் கொடுக்கட்டும். நாளை ஆபீசில் ஒருத்தியிடம் தைரியமாகப் பேசு என்று சொல்லுமுன், இதற்கு முன் உன்னை நம்பிப் பேசியவள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா.

என்றும் உன் அன்பு அம்மா,
வெர்னா