கூடத்துக்குச் சந்தனமா, நீலமா

மார்கழி 18, செவ்வாய்
காலையில் நல்ல பனி. எதிர் வயலே தெரியவில்லை. புது வீட்டுக் கூடத்தில் பெயின்டர் காசிம் பாய் இரண்டு திட்டு அடித்துக் காட்டினார். வெளிர் சந்தனம், கருநீலம். சந்தனம் நான் கேட்டது. நீலம் தம்பி முருகையன்.
“நீலம்னா ரூமு சின்னதாத் தெரியும் டீச்சர். யோசிச்சுச் சொல்லுங்க.”
வாங்க: உப்புத்தாள், பல்பு, அப்பாவுக்கு இருமல் மருந்து.

மார்கழி 19, புதன்
ஏழாம் வகுப்பு விடைத்தாள் பாதி முடிந்தது. தலைவலி.
காய்ந்தபின் இரண்டு நிறமும் வேறு மாதிரி. சந்தனம் ஆறிப்போன டீ. நீலம் ட்யூப் லைட்டில் ஏறக்குறையக் கறுப்பு.
தம்பி: “நம்ம கொடிக் கலரு அக்கா. வர்றவன் போறவன் பாக்கட்டும்.”
கூடத்துக்குள் கட்சிக் கொடி எதற்கு என்றேன்.

மார்கழி 21, வெள்ளி
பின்பக்கக் குடிசையிலிருந்து அப்பா பார்க்க வந்தார். இந்த மனையைக் காலி செய்யச் சொல்லிப் பண்ணையார் ஆள் விட்டபோது நகராமல் இருந்தவர். வழக்கு, பட்டா எல்லாம் அதற்குப் பிறகு.
நீலத்தின் முன் நின்றுவிட்டார்.
“இது வேணாம்மா. பண்ணை வீட்டுக் கூடம் இதே கலரு.”
“உள்ள போயிருக்கீங்களாப்பா?”
“எங்க போறது. நெல்லு மூட்டைய கொல்லையில எறக்கிட்டு நிப்போம். கதவு தொறந்திருந்தா தெரியும். அந்தச் செவுத்துல சாஞ்சுக்கிட்டுத்தான், நாளைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லன்னு சொல்லுவாரு.”
தம்பி முகம் செத்துவிட்டது. “சந்தனமே அடிச்சுக்குங்க.” சைக்கிளை எடுத்துக்கொண்டு குடவாசல் பக்கம் போனான். சாப்பாட்டுக்கு வரவில்லை.
நான் கேட்டது கிடைத்தது. அவன் சோற்றை மூடிவைத்தேன்.

மார்கழி 22, சனி
பள்ளி விடுமுறை. பாய் சந்தன டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அப்பா வந்து, நீலத் திட்டில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார். பாய் பிரஷ்ஷோடு நின்றார்.
“அவன் கேட்டதையே அடிச்சிருங்க பாய்.”
“புடிக்கலன்னீங்களேப்பா?”
“அது அவரு வீட்டுலம்மா.”
தம்பி வாசலில் நின்று கேட்டிருக்கிறான். உள்ளே வந்து டப்பாவை மூடினான். எனக்குச் சந்தனம்தான் இன்னமும் பிடிக்கிறது.

மார்கழி 25, செவ்வாய்
பெயின்ட் முடிந்தது. வாடை போகவில்லை, ஜன்னல் எல்லாம் திறந்தும். அப்பா கயிற்றுக் கட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். இருட்டாக இருக்கிறதாம், பட்டப்பகலில் லைட்டைப் போடச் சொல்கிறார். தம்பி எழுந்து போய்ப் போடுகிறான்.