ஹார்னை மட்டும் தடுக்கும் பலகை

ஜூலை 7, திங்கள்

மூட்டம். மழை இல்லை. கேஸ் புக்கிங், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, லேபில் 3D பிரிண்டர் முனை அடைப்பு.

வாங்கும்போது, பெருங்களத்தூரில் ஸ்டேஷன் பக்கத்திலேயே வீடு என்று எவ்வளவு சந்தோஷம். இப்போது ஒவ்வொரு ரயில் ஹார்னுக்கும் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள். இன்று காபி டம்ளர். தம்பி ஜோயல் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டுச் செத்து எட்டு மாதம். "ஹார்ன் அடிச்சிருந்தா என் பிள்ளை நின்னிருப்பான்." வருகிறவர்கள் எல்லாரிடமும் இதே.

ஹார்ன் அடித்தது. எனக்குத் தெரியும். அப்போது அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தது நான்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. கோழை.

ஜூலை 9, புதன்

ஹார்னைத் தடுக்கும் பலகை லேபில் முடிந்தது. இத்தனை வருட ஆராய்ச்சியில் வீட்டுக்கு ஆகிற முதல் காரியம். வெயில்.

ஜன்னல் அளவு. நான்கு விரல் தடிமன். உடம்பெல்லாம் ஓட்டை, ஓட்டைகளைச் சுற்றி மடித்து மடித்து வைத்த குட்டி அறைகள். வெறும் பிளாஸ்டிக்தான், வித்தை அத்தனையும் வடிவத்தில். ஹார்னின் சுருதிக்கு மட்டும் அதன் நிறை எதிர்மறை ஆனதுபோல் நடந்துகொள்ளும். ஒலி அலை உள்ளே தள்ளினால் அது வெளியே நகரும். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பாமல் சிரிப்பார்கள். காற்றும் மற்ற சத்தங்களும் தாராளமாக வரும்.

ஹார்னை ரெக்கார்ட் செய்து சுருதி பார்க்கச் சொன்னார் கைடு. செய்தேன். தேவையே இல்லை. எட்டு மாதமாக என் காதிலேயே இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

கார்பெண்டர் குமார் அண்ணன் வந்து மாட்டினார். "இன்னாம்மா இது, சல்லடை கணக்கா ஓட்டை கீது. சத்தம் எப்டி நிக்கும்?"

பதினொரு மணிக்கு வண்டி. சக்கரச் சத்தம், தரை அதிர்வு, எதிர்வீட்டு மிக்ஸி, எல்லாம் கேட்டது. ஹார்ன் இல்லை. "அய்ய, பேய் வண்டியாட்டம் போவுதேம்மா!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹார்ன் நின்றால் அம்மா அழுகையும் நிற்கும், நானும் சொல்லாமலே தப்பித்துவிடலாம். அதுதான் என் கணக்கு.

ஜூலை 12, சனி

அம்மா இரண்டு நாளாக ஜன்னலை விட்டு நகரவில்லை. சோறு வைத்தது வைத்தபடி.

மத்தியானம் ஒரு வண்டி. சக்கரம் நெருங்க நெருங்க அம்மா பலகையில் கையை வைத்துக்கொண்டாள். "பாத்தியா? அடிக்காமலே வரான். அன்னிக்கும் இப்படித்தான் வந்திருக்கான்."

பலகைதான் தடுக்குதும்மா என்றேன். தலையாட்டினாள். காதில் வாங்கவில்லை.

அவள் மனசுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஹார்ன் இல்லாத வண்டியை நானே செய்து வீட்டுக்குள் விட்டிருக்கிறேன். இன்று மட்டும் பத்து முறையாவது வந்திருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். இருவருமே சர்ச்சுக்குப் போகவில்லை.

காலையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஜன்னலுக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டாதடி. இதுதான் எனக்கு சாட்சி."

அதற்குமேல் முடியவில்லை. "ஹார்ன் அடிச்சாங்கம்மா. விடாம அடிச்சாங்க. நான் போன்ல கேட்டேன்."

அறைவாள் என்று நினைத்தேன். அறையவில்லை. பிடித்த கையை விடாமல், "கடைசியா என்ன சொன்னான்?"

"'ஹார்ன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா, திரும்பச் சொல்லு'ன்னான்."

"நீ?"

சொன்னேன். வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாடா என்று. திரும்பவும், அந்த ஹார்னையும் மீறி அவனுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக.