மாப்பிள்ளைக் கட்டிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், உன் உடம்பும் வேலையும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எப்போதும் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலை, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் எனக்கு வேறு வேலை இல்லையா என்கிறாள். உன் தம்பி புது வேலையில் சேர்ந்த பிறகு வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிறான். குளியலறைக் குழாயை நானே சரி செய்கிறேன் பேர்வழி என்று கழற்றி முன்பைவிட மோசமாக ஒழுக வைத்துவிட்டேன், அதை அம்மா உன்னிடம் சொல்லாமல் விடப் போவதில்லை.

போன வாரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிக்கட்டு இடிந்ததைக் கேள்விப்பட்டுப் போன் செய்தாயே, அப்போது ஒன்று சொன்னாய். "நீங்க வேலையில இருந்தப்ப கட்டினதா இருந்தா இது விழுந்திருக்காதுப்பா." நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பாலம் நான் வேலையில் இருந்தபோது கட்டியதுதான் அம்மாடி. அதன் கான்கிரீட்டைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

விதிப்படி எங்கள் ஆய்வுக்கூடத்து ஆள் வேலை நடக்கும் இடத்துக்கே போய் நின்று, கொட்டுகிற கலவையிலிருந்தே அள்ளி அச்சில் வார்த்து, அந்தக் கட்டிகளை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு இயந்திரத்தில் உடையும்வரை அழுத்திப் பார்க்க வேண்டும். நடந்தது வேறு. காண்டிராக்டரே கட்டிகளை வார்த்து வண்டியில் அனுப்பிவிடுவார். சிமெண்டை வாரிப் போட்டுத் தனியாகச் செய்தவை, மழமழவென்று ஒரு துளை இருக்காது. பெண் பார்க்க வருகிறவன் போல ஜோராக வருகின்றனவே என்று அவற்றுக்கு மாப்பிள்ளைக் கட்டி என்று பெயர் வைத்தவனே நான்தான், ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. படிக்கட்டுக்குப் போன கலவையில் பாதி சிமெண்டுகூட இல்லை. மிச்சம் யார் யார் வயிற்றுக்குப் போனது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் இருந்தவர் நேரில் போய்த்தான் வார்ப்பேன் என்று அடம்பிடித்தார், ஒரே வாரத்தில் கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். என்னிடம் மேலதிகாரி, கட்டி தாங்குகிறதா இல்லையா, அதை மட்டும் பாருங்கள் என்றார். நீ அப்போது பள்ளியில் கடைசி வருஷம். ஊர் மாறினால் உன் படிப்பு கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்மேல் பழி போடவில்லை, நீ என்னிடம் எதையும் கேட்கவே இல்லை, நானாகத்தான் உன்னைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். கை நீட்டி ஒரு காசு வாங்கியதில்லை, அதனால் என் கை சுத்தம் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

படியோடு விழுந்தவர்களில் நம் எதிர்வீட்டுத் தையல்காரரும் ஒருவர், உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்துக் கொடுத்தாரே அவர்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மழையில் ஊறித்தான் விழுந்தது என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீங்க அந்த ஆபீஸ்லதானே இருந்தீங்க, நீங்க சொன்னா நம்புவேன், மழைதானா சார்?" என்று கேட்டார். நான் ஒரு ஆரஞ்சை உரித்து அவர் கையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

விசாரணைக்கு ஒரு குழு வந்திருக்கிறது. திங்கட்கிழமை அவர்களிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். பென்ஷன் நின்று போகலாம், வழக்கும் வரலாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் தையல்காரரிடம் போய்ச் சொல்லுங்கள், அப்புறம் மற்றவர்களிடம் என்றாள். நாளைக் காலை போகிறேன். அவர் முகத்தைப் பார்த்து எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

நீ இதற்காக லீவு போட்டு ஓடி வர வேண்டாம். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. செய்தியில் என் பெயர் வந்து அங்கே யாராவது உன்னிடம் கேட்டால், பாசத்தில் எங்க அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடாதே. எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா