அடுப்படிச் சுவரும் உன் அப்பாவும்

சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள அகிலனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அடுப்படிச் சுவருக்குத்தான் இன்னும் சுகமில்லை. உன் இருமல் விட்டதா, கிளாஸ்கோ குளிர் கொஞ்சமாவது இறங்கியதா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. வீடியோவில் பேசும்போதெல்லாம் அப்பா என் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அவருடைய கைப்பேசியில் சார்ஜ் போய்விட்டது என்று என்னுடையதைத்தான் எடுத்துப் பார்க்கிறார், அதனால் இப்போது அவர் முடிவெட்டப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ, ஒரு சுவருக்கு டைல்ஸ் ஒட்ட எவ்ளோ நாள்மா ஆகும், யூடியூப்ல ஒரு பொண்ணு தனியாளா ரெண்டே நாள்ல முடிச்சிட்டா என்று கேட்டாய், இந்த மாதக் கடைசியில் உன் நண்பன் ஷங்கரின் ஆட்களை அனுப்பி ஒரே நாளில் முடித்துத் தருவதாகவும் சொன்னாய். அவர்களை அனுப்பாதே, கண்ணு. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன், படித்துவிட்டு மனதோடு வைத்துக்கொள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடாமல் மழை பெய்து வீடே சில்லிட்டுக் கிடந்தபோது, அடுப்புக்குப் பின்னால் இருந்த பழைய டைல்ஸ் படபடவென்று வெடித்து வயிறு உப்பியதுபோல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது என்று சொன்னேன் இல்லையா, தலையில் விழுமோ என்ற பயத்தில் அன்றே அடுப்பைக் கழற்றி உன் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டோம், உன் கிரிக்கெட் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அது பரிசு வாங்கியதுபோல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்பு எங்கள் மாலைப்பொழுது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்த பழக்கம் அது. நான் அலுவலகத்திலிருந்து வந்து கைப்பையை வைத்ததும் அடுப்பைப் பற்றவைப்பேன், அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடி சாப்பிடுவார், பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபின் நான் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா, போதும்மா, அவ்வளவுதான் பேச்சு. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை, பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டோம் போலிருக்கிறது. அடுப்பு போன அன்று சாயங்காலம் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன், அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு, எதுக்கு கட்டிட்டு வரணும், தேக்கா சாப்பாட்டுக் கடையிலயே உக்காந்து சாப்பிட்டுடலாமே என்று கூடவே வந்தார். அன்று போனோம், மறுநாளும் போனோம், பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வருவதில்லை, பூக்கடைகளைத் தாண்டி, கேம்பல் லேன் வழியாக, கால் போன போக்கில் ஒரு சுற்று. மனிதர் பேசுகிறார், அகிலா! பணிமனையில் புதிதாக வந்த மேலாளர் எப்படித் தும்முவார் என்று நடுத்தெருவில் நடித்துக் காட்டுகிறார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடமாக என் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு அவருக்குப் பிடித்ததே இல்லையாம், சிராங்கூன் ரோட்டில் பச்சை விளக்குக்கு நிற்கும்போது சாவகாசமாகச் சொல்கிறார். சாலையைக் கடக்கும்வரை கோபமாக இருந்தேன், கடந்ததும் சிரித்துவிட்டேன்.

இனி சுவர் விஷயம். வேலைக்குப் பேசியிருப்பது வேலாயுதம் என்று, ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் மலேசிய எல்லைப் பாலம் தாண்டி வருகிற தம்பி, நல்ல வேலைக்காரர், நல்ல வாய்க்காரரும்கூட. சீனப் புத்தாண்டுக்கு டைல்ஸ் கடை மூடியிருந்ததால் தாமதமானது உண்மை, அதில் பொய் இல்லை. கடை திறந்து நான் ஒரு வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன், அப்பா அதைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்துவிட்டு, இது ஆஸ்பத்திரி வெள்ளையா இருக்கு, வேற பாக்கலாம் என்றார். என் புடவை நிறத்தை ஒருநாளும் கவனிக்காத மனிதருக்கு வெள்ளையில் இத்தனை ரகம் தெரிகிறதே என்று எனக்கு ஆச்சரியம். ஜாலான் புசாரில் கடை கடையாக ஏறி இறங்கினோம், ஒவ்வொரு கடைக்குப் பிறகும் ஒரு தேநீர். பிறகு பழைய டைல்ஸை இடிக்க வேண்டிய வாரத்தில், மேல்வீட்டு ஆயிஷா மகளுக்குப் பரீட்சையாம், பாவம், சத்தம் போட்டா படிக்கிற புள்ளைக்குக் கஷ்டம், வேலாயுதத்தை அப்புறம் வரச் சொல்லிட்டேன் என்றார். எவ்வளவு நல்ல மனது என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. இரண்டு நாள் கழித்து மின்தூக்கியில் ஆயிஷாவைப் பார்த்து, பரீட்சையெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரீட்சையா, யாருக்குக்கா, எங்க பொண்ணு சாதியா இன்னும் பாலர் பள்ளி கே-டூதானே லா, கலர் அடிக்கிறதுக்கு யாராச்சும் பரீட்சை வைப்பாங்களா என்றாள்.

வீட்டுக்கு வந்து நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் ஏதோ ஒன்று இளகியது. சுவர் முடிந்தால் அடுப்பு திரும்பி வரும், அடுப்பு வந்தால் அந்த ரசமும் போதும்மாவும் திரும்பி வரும் என்று நான்தான் ஒவ்வொரு இரவும் பயந்துகொண்டிருந்தேன், அந்தப் பயம் அவருக்கும் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை, மறுநாளே வேலாயுதத்தை அழைத்து, டைல்ஸை நேராக ஒட்ட வேண்டாம், பாய் முடைந்த மாதிரிச் சாய்த்துச் சாய்த்து ஒட்டுங்கள் என்றேன். அதற்கு டைல்ஸ் பற்றாது, மறுபடி கடைக்குப் போக வேண்டும், வெட்டுவதற்கும் நேரம் ஆகும். அவர், அக்கா, இது ரெண்டு நாள் வேல, அண்ணே ஒரு பக்கம் இழுக்கிறாரு, நீங்க ஒரு பக்கம் இழுக்கிறீங்க, சுவரு நடுவுல நின்னு முழிக்குது லா என்றார். உங்கள் அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்றேன். அவரும் இதையேதாங்கா சொன்னாரு என்று சிரித்தார்.

எவ்வளவு இழுத்தாலும் எந்த வேலையும் ஒருநாள் முடியத்தானே வேண்டும், வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. பார்க்க அவ்வளவு அழகு, சாய்வு வைத்தது நல்லதாகவே போயிற்று. டைல்ஸுக்கு நடுவில் பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு நன்றாகக் காய வேண்டும், ஞாயிறுவரைக்கும் தண்ணி, எண்ணெய், குழம்பு எதுவும் பக்கத்துல போகக்கூடாது, அது எல்லாத்தையும் குடிச்சிடும் என்று வேலாயுதம் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நேற்றுக் காலை நான் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், சுவர் முழுக்க வரிசையாக மஞ்சள் குழைத்து வைத்து நடுவில் குங்குமம்! ஆயுத பூசைக்குக்கூடக் குங்குமச் சிமிழ் எங்கே என்று என்னைக் கேட்கிற மனிதர், புதுச் சுவராச்சே, மங்களகரமா இருக்கட்டும்னுதான் என்கிறார், விரலெல்லாம் மஞ்சள். ஈரத் துணியால் துடைத்தேன், அது இன்னும் பரவியது. பூச்சு மஞ்சளைக் குடித்துவிட்டது, சுவர் மஞ்சள் காமாலை வந்ததுபோல் நிற்கிறது. படம் எடுத்து வேலாயுதத்துக்கு அனுப்பினேன், உடனே அழைத்து அப்பாவிடம், அண்ணே, பொட்டு வச்சீங்க சரி, மாலை போடலையா என்று கேட்டார். கறைபட்ட பூச்சையெல்லாம் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை வருகிறார், அதற்குப் பிறகு மறுபடி காய வேண்டும். இதைக் கேட்டதும் உன் அப்பா முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே!

நேற்று மாலை தேக்காவில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், அவருக்கு மீ கோரெங், எனக்குத் தோசை. இன்னும் எத்தனை நாளைக்கு அந்தச் சுவரைப் போட்டுப் பாடாய்ப் படுத்துவோம் என்று தோன்றியது. ஏங்க, சுவர் முடிஞ்சாலும் நாம இப்படி வரலாமே என்று கேட்டுவிட்டேன். கரண்டியை வைத்துவிட்டு மெல்ல, நீ ஆபீஸ்ல இருந்து ஓடி வந்து சமைக்கிற, வெளிய சாப்பிடலாம்னு சொன்னா என் சமையல் அலுத்துப்போச்சான்னு வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல என்றார். நீங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் நான் ஓடி ஓடி வந்தேன் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முட்டாள்கள் மாதிரி சிரித்தோம், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவர், அப்ப வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் என்று ஆரம்பித்தார், அது ஞாயிற்றுக்கிழமை உண்டு, வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சாதியாவின் பரீட்சையைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், நீயும் கேட்காதே. அவருக்குச் சர்க்கரை இருப்பதால் கொஞ்சம் கவலைதான், ஆனால் சீனி போடாத கோப்பிக்குப் பழகிவிட்டார், தினமும் நடப்பதால் போன முறை மருத்துவரும் பரவாயில்லை என்றார்.

அதனால் ஷங்கரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வேலாயுதம் சுவரை முடித்திருப்பார். நீயும் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடாதே, பக்கத்து அறையில் இருக்கும் பையனைக் கூப்பிடு, அவன் கூப்பிடட்டும் என்று நீயும் நீ கூப்பிடட்டும் என்று அவனும் உட்கார்ந்திருப்பீர்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நினைத்தபடி படிப்பு முடிந்து, நல்ல வேலை கிடைத்து, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் இருவருடைய ஆசியும். ஒன்றை மறந்துவிடாதே, இனிமேல் வார நாட்களில் இங்கே மாலை ஏழிலிருந்து ஒன்பதுவரை அழைக்காதே, நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்.

பிரியமுள்ள அம்மா,
இந்துமதி