டேஷ்போர்டில் இல்லாத துப்பாக்கி

அன்பு மகளே,

இனி என் பேத்தி டெஸ்ஸாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள். போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதி, பள்ளியில் என்னிடம் படித்த காரெட்டிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று அவளைக் கூட்டிவரப் போகும் வழியில் அவன்தான் என் காரை நிறுத்தினான். போலீஸ் உடுப்பில் அடையாளமே தெரியவில்லை. நான் ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் வந்துவிட்டேனாம்.

"எப்பப்பா இதை ஒருவழி ஆக்கினாங்க?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல நீங்க எனக்குக் கார் ஓட்டக் கத்துக் கொடுத்தப்பவே ஒருவழிதான், கோச்," என்று சிரித்தான்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், டேஷ்போர்டுப் பெட்டியில் துப்பாக்கி இருப்பதைச் சொன்னேன். அமரில்லோ சாலையில் யாரோ என்னை மறித்து அடித்த நாளிலிருந்து அது இல்லாமல் நான் வண்டி எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். திறந்து பார்த்தான். இல்லை.

"எங்க வச்சீங்க, கோச்?"

எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவனே தேடினான். பின்சீட்டில், டெஸ்ஸாவின் குழந்தை இருக்கையில், அவள் போர்வைக்கு அடியில் இருந்தது. குண்டு போட்டபடியே இருந்தது. காரெட் அப்புறம் சிரிக்கவில்லை.

துப்பாக்கியை அவனிடமே கொடுத்துவிட்டேன். கார் சாவியை அவன் கேட்கவில்லை, நானாகத்தான் நீட்டினேன். பள்ளிக்குப் போன் செய்து, நீ வரும்வரை டெஸ்ஸாவை அங்கேயே வைத்திருக்கச் சொன்னதும் அவன்தான்.

டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நீ வந்து என்னைக் கூட்டிப்போவாயா?

உன் அப்பா