பீரோவில் பூட்டிய பேஸ்ட்

ஓமான், 12-3-1998

அப்பாவுக்குத் தண்டன் சமர்ப்பித்து வரத் எழுதுவது. நான் சௌக்கியம். அங்கே உங்கள் வாயைத் தவிர எல்லாம் சௌக்கியம் என்று தங்கை ஸௌம்யா எழுதியிருக்கிறாள்.

முன்பல் விழுந்தபின் கோயில் கோஷ்டியில் நீங்கள் பாசுரம் சொன்னபோது, "ஸ்வாமி, காத்துதான் வர்றது" என்று அந்தப் பெரிய மனிதர்கள் சிரித்தார்களாம். அன்றோடு நீங்கள் கோயிலுக்கே போவதில்லையாம். நான் அனுப்பிய ஃப்ளோரைடு பேஸ்ட்டில் எலும்புத்தூள் இருக்கும் என்று பீரோவில் பூட்டிவிட்டுக் கரித்தூளால் தேய்த்தீர்களே, இப்போது எந்த ஆசாரம் மிஞ்சியது?

போன வாரம் எனக்கும் ஒரு பல் பிடுங்கினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, உங்கள் கரித்தூளில் வளர்ந்த பல்தானே.

மிச்சப் பல்லையாவது அந்தப் பேஸ்ட்டால் தேயுங்கள். நான் தங்கியிருக்கும் இந்தக் கம்பெனி கேம்ப்பில் தமிழ் பேச ஆளில்லை. ஒரு பாசுரம் சொல்லி கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. காற்று மட்டும் வந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வரத்